கழுத்தில் ஒரு ஆட்டுமணி

லேட் சார் என்ற பெயரை வைத்தவர் பல் டாக்டர். சுற்றுலாவின் முதல் நாளே வைத்துவிட்டார். ஏதோ ஒரு ராஜாவின் அரண்மனையைப் பார்த்து முடித்து, எல்லோரும் பஸ்ஸில் ஏறி, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டி, சாப்பாடு எப்போது என்று கேட்க ஆரம்பித்த பிறகும் ஒரு சீட் மட்டும் காலியாகவே கிடந்தது. டூர் மேனேஜர் அரண்மனை வாசலுக்கும் பஸ்ஸுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். கடைசியில் அந்த மனிதர் வந்தார். மூச்சு வாங்க ஓடி வந்திருந்தாலாவது போனால் போகிறது என்று விட்டிருப்பார்கள். அவரோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் வீட்டு மொட்டை மாடியில் உலாவுகிறவர் மாதிரி வந்தார்.

"வாங்க லேட் சார், வாங்க! ராஜா சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு சொல்லிட்டாரா?" என்றார் பல் டாக்டர். ஊரில் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவர். இங்கே தன் வாயை மூடுவதே இல்லை.

பஸ் மொத்தமும் சிரித்தது. லேட் சாரின் மனைவி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் லேட் சார் என்றால் அவள் யார்? அன்று சாயங்காலத்துக்குள் விடை வந்துவிட்டது. ஹோட்டல் லிப்டில் யாரோ இடம் விட்டு நகர்ந்து, "ஏறிக்கோங்க லேட்டம்மா" என்றார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எரிச்சலுக்கு அன்றைய காரணம் மட்டுமில்லை. அவள் புருஷன் மில்லில் டைம் ஆபீஸில் வேலை பார்த்தவர். சங்கு ஊதி முடித்ததும் கேட்டைச் சாத்துவது அவர்தான். சாத்தின கேட்டுக்கு வெளியே கெஞ்சிக்கொண்டு நிற்கிறவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. அப்படித் திரும்பிப் போனவர்களின் மனைவிமார்கள்தான் குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கம். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனால் பேச்சு சட்டென்று நிற்கும். வாசலில் கூடி உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு மனம் விட்டுச் சிரிக்க ஒரு பெண் துணை வாய்க்கவில்லை. யாருக்கு யாரோடு சண்டை என்பதுகூட அவளுக்குக் கடைசியாகத்தான் தெரியும்.

அவர் ஓய்வு பெற்று, மகள் இந்தச் சுற்றுலாவுக்கு அனுப்பி வைத்தபோது, அவளுக்கு அரண்மனையும் மலையும் ஒரு பொருட்டே இல்லை. விமான நிலையத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சிவப்புத் தொப்பி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு கலகலவென்று நின்ற பெண்களைப் பார்த்தாள். இங்கே யாருக்கும் மில் தெரியாது, கேட் தெரியாது. இந்தக் கூட்டத்தில் எப்படியாவது ஒட்டிக்கொண்டுவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டாள். அந்த ஆசையில்தான் மண் விழுந்தது. போட்டவர் வேறு யாருமில்லை, தாலி கட்டினவரே.

அவர் கதை தனி. ஓய்வு பெற்ற அன்று கைக்கடிகாரத்தைக் கழற்றி பீரோவுக்குள் போட்டார். அதற்குப் பிறகு அதை எடுக்கவே இல்லை. காலமெல்லாம் அடுத்தவனை ஓட வைத்த மனிதர், இப்போது எங்கே விட்டாலும் அங்கேயே நின்றுவிடுகிறார். பழைய நகரம் ஒன்றில் கல்பாலம் பார்க்க இறக்கிவிட்டார்கள். எல்லோரும் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்ப, அவர் பாலத்துக்கு அடியில் போய் நின்றுகொண்டார். மேற்கூரை இல்லாத பழங்காலத்து நாடக அரங்கு ஒன்றில், உச்சிப் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் கீழே இருந்து கொடியை ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்தார்.

அன்றைக்குப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவள் காதருகே குனிந்து சொன்னார். "மேல் படியில ஒருத்தன் ஆணியால கட்டம் கீறி வெச்சிருக்கான்மா. நம்ம ஆடுபுலி ஆட்டம் மாதிரியே. கீழே நாடகம் நடக்குது, இவன் பாட்டுக்கு மேல உக்காந்து விளையாடியிருக்கான். அறுவை நாடகம் போல. நீயும் வந்திருக்கலாம், காட்டியிருப்பேன்."

"இதுக்குத்தான் அத்தனை பேரையும் வெயில்ல காய வெச்சீங்களா?" என்றாள் அவள். பின்சீட்டுக் காதில் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

பின்சீட்டு என்றால் வக்கீலம்மாவின் தர்பார். வக்கீலம்மா கோர்ட்டில் வாதாடுகிறவர் மட்டும்தான். பஸ்ஸில் தீர்ப்பும் அவரே. கடைசி வரிசையில் நடுவில் அவர், இரண்டு பக்கமும் நகைக்கடைக்காரர் மனைவியும் மற்றவர்களும். மடியில் முறுக்கு டப்பா, வாயில் ஊர் வம்பு. லேட்டாக வருகிறவர் மைக்கில் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்ற சட்டம் அங்கிருந்துதான் பிறந்தது. பாட வேண்டிய நிலைமை லேட் சாருக்கு மட்டும்தான் வந்தது. "எனக்குப் பாட்டே வராது சார்" என்று அசடு வழிய மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒப்பிக்கிற மாதிரி மழலைப் பாட்டு ஒன்றை ராகமில்லாமல் சொன்னார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கும் மறுநாள், சிரிப்பு கொஞ்சம் சலித்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவள் அந்த மணியைக் கண்டாள். கோட்டைச் சுவருக்குள் இருந்த கடைத்தெருவில், பரிசுப் பொருள் விற்கிற கடையொன்றில், தோல் வாரோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டின் கழுத்தில் கட்டுகிற மணி. கையால் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது. சட்டென்று ஒரு எண்ணம் வந்தது. அவள் வாழ்க்கையில் அவளாக நினைத்துக் கண்டுபிடித்த முதல் வேடிக்கை அதுதான். பாவம், அந்தச் சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை.

பஸ்ஸில் நேரே பின்சீட்டுக்குப் போய் மணியை ஆட்டிக் காட்டினாள். "இதை அவர் கழுத்துல கட்டிவிட்டுடலாம். எங்க மேயுறார்னு இருந்த இடத்துலேர்ந்தே தெரிஞ்சுக்கலாம்ல?"

முதலில் எல்லோர் முகத்திலும் சொந்தப் பெண்டாட்டியே சொல்கிறாளே என்ற திகைப்பு. பிறகு வக்கீலம்மா தொடையில் தட்டிச் சிரித்தார். "அடியம்மா! இத்தனை நாளா நீங்க எங்க ஒளிஞ்சிருந்தீங்க? நகருங்கடி, இவங்களுக்கு இடம் விடுங்க." நகர்ந்தார்கள். முறுக்கு டப்பா அவள் கைக்கு வந்தது. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கடைசியாக வருகிறவர் மணியைக் கட்டிக்கொள்ள வேண்டும். தனக்குப் பிறகு வேறொருவர் லேட்டாக வரும்வரை கழற்றக் கூடாது. இதுதான் தீர்ப்பு. லேட் சார் மறுக்கவே இல்லை. கழுத்தை நீட்டினார், பல் டாக்டர் கட்டிவிட்டார். சீட்டில் வந்து உட்கார்ந்து மணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீதான் வாங்கினியாமே? நல்ல வார்ப்பு" என்றார். குத்திக் காட்டுகிறாரா என்று பார்த்தாள். இல்லை. நிஜமாகவே மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒரு நாள் நகைக்கடைக்காரர் அவரைவிடத் தாமதமாக வந்தார். நியாயப்படி மணி மாறியிருக்க வேண்டும். "அவருக்கு வயிறு சரியில்லை, அது கணக்கில் வராது" என்று வக்கீலம்மா தள்ளுபடி செய்துவிட்டார். லேட் சார் வாரைக் கழற்றப் போன கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

பெரிய பிரார்த்தனைக் கூடம் ஒன்றுக்குள் போனபோது அந்த மணி சத்தம் போட்டது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், ஆள் உயர மெழுகுவத்திகள், குண்டூசி விழுந்தால் கேட்கிற அமைதி. அவர் கூரையைப் பார்க்க அண்ணாந்தார். மணி அடித்தது. மண்டியிட்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளி விரலை உதட்டில் வைத்துக்கொண்டு வேகமாக வந்தார். சிவப்புத் தொப்பிக் கூட்டம் தூணுக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. அவளும் குலுங்கினாள். அவர் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மணிக்குள் திணித்து, நாக்கு ஆடாமல் அமுக்கிவிட்டார். பிறகு மறுபடியும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அதன் பிறகு எங்கே போனாலும் கைக்குட்டை மணிக்குள்தான் இருந்தது. பஸ்ஸில் ஏறும் முன் மட்டும், சட்டத்தை மீறக் கூடாது என்று எடுத்துவிடுவார். ஆயுசுக்கும் டைம் ஆபீஸில் இருந்த மனிதர் அல்லவா!

பார்த்ததைப் பற்றி அவளிடம் சொல்வதை அவர் நிறுத்தியிருந்தார். அவள் அதைக் கவனிக்கவில்லை. அவள்தான் இப்போது பக்கத்தில் உட்காருவதே இல்லையே.

நகரங்கள் முடிந்து மலை தொடங்கியது. பஸ் வளைந்து வளைந்து ஏறியது. மரம் நின்று போயிற்று, புல் நின்று போயிற்று, பிறகு வெறும் கருங்கல். குளிர் கண்ணாடி வழியாகவே உள்ளே வந்தது. கணவாயின் உச்சியில் ஒரு பார்வையிடம். ரோட்டோரமாக வண்டி நிறுத்த வெட்டிய இடம், ஒரு குட்டைச் சுவர், அங்கிருந்து பாறை ஓரமாக இறங்கிப் போகிற ஒற்றையடிப் பாதை. கீழே பயங்கரமான பள்ளத்தாக்கு. அடியில் ஆறு ஒரு பச்சை நாடா மாதிரி கிடந்தது. எதிர் மலையில் ஓர் அருவி. அந்த அருவி தரைக்கு வந்து சேரவே இல்லை. பாதி வழியில் காற்று அதைப் பிடித்து, உதறி, மேலே வீசிக்கொண்டிருந்தது.

"அய்யோ, குளிரு!" என்று படம் எடுத்த கையோடு எல்லோரும் பஸ்ஸுக்குள் புகுந்தார்கள். ஒருவர் வரவில்லை. யார் என்று சொல்ல வேண்டுமா?

பின்சீட்டுப் பெண்களின் முகம் அவளைப் பார்த்தது. புதுசாக ஏதாவது சொல்லமாட்டாளா என்கிற முகம். மணியும் பழசாகிவிட்டிருந்தது. அவள் இடம் பிடித்ததே வேடிக்கையினால்தான். வேடிக்கை தீர்ந்தால் இடமும் போகும் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பயம். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"வண்டியை எடுத்துட்டுப் போய் அந்த வளைவுக்குப் பின்னாடி நிறுத்திடலாம். வந்து பாப்பார், பஸ் இருக்காது. அப்பத்தான் புத்தி வரும்."

"சூப்பர்!" என்றார் பல் டாக்டர், மைக்கை எடுத்துக்கொண்டு.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "வேண்டாம் மேடம். காத்து பலமா இருக்கு. தெரியாத இடம். சார் பயந்துட்டார்னா?"

"பயப்படட்டும்னுதானே சொல்றேன்? என் புருஷன். நான் சொல்றேன், எடுங்க." அவள் குரலில் அதிகாரம் இருந்தது. அது அவளுக்கே பிடித்திருந்தது.

டிரைவர் அந்த ஊர்க்காரர், தமிழ் தெரியாதவர். கையைக் காலை ஆட்டி விளக்கியபோது முடியாது என்று தலையை ஆட்டினார். பிறகு வராதவரின் மனைவியே சொல்கிறார் என்று அவளைக் காட்டினார்கள். டிரைவர் கண்ணாடியில் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை. பஸ்ஸை அதன் நிழலுக்குள் நுழைத்து நிறுத்தினார். இங்கிருந்து பார்த்தால் அந்த இடம் முழுக்கத் தெரியும். அங்கிருந்து பார்ப்பவருக்குப் பாறை நிழலில் பஸ் தெரியாது. எல்லோரும் அந்தப் பக்கத்து ஜன்னல்களில் அப்பிக்கொண்டு செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவளுக்கு நடு ஜன்னலைக் கொடுத்தார்கள். வக்கீலம்மா அவள் தோளில் கை போட்டிருந்தார்.

"இதோ வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார்!" என்று பல் டாக்டர் மைக்கில் கிரிக்கெட் வர்ணனை ஆரம்பித்தார். "மேய்ந்து முடித்து மேலே ஏறுகிறார். கைக்குட்டையை எடுக்கிறார். சபாஷ், சட்டத்தை மதிக்கும் ஆடு! பஸ் இருந்த இடத்தைப் பார்க்கிறார். பஸ் எங்கே? காணோம்!"

அவர் நின்றார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பஸ் நின்ற இடத்துக்கு வந்து தரையில் டயர் தடத்தைக் குனிந்து பார்த்தார். பஸ்ஸுக்குள் சிரிப்பு பீறிட்டது. "இப்ப ஓடுவார் பாருங்க" என்றாள் அவள். "எந்தப் பக்கம்னு தெரியாம இங்கேயும் அங்கேயும் ஓடுவார்."

அவர் ஓடவில்லை. நிமிர்ந்தார். கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய் மணியைக் கழற்றினார். தொப்பியைக் கழற்றினார். இரண்டையும் குட்டைச் சுவரின் மேல், ஒன்றின் மேல் ஒன்றாக, பத்திரமாக வைத்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, லீவு நாளில் தூங்கி எழுந்தவர் மாதிரி, உடம்பை நெளித்துச் சோம்பல் முறித்தார்.

சிரிப்பு ஆங்காங்கே நின்றது. "என்ன பண்றார்?" என்றார் நகைக்கடைக்காரர்.

லேட் சாரின் வாய் திறந்திருந்தது. பல் டாக்டர் மேல் ஜன்னலைத் தள்ளித் திறந்தார். காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. காற்றோடு ஒரு குரலும் வந்தது. பாட்டு. அடிவயிற்றிலிருந்து எடுத்து, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, எவனுக்கும் பயப்படாமல் ஒரு மனிதன் பாடுகிற பாட்டு. எந்தப் பாட்டு என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் பாடி அவள் கேட்டதே இல்லை. குளியலறையில்கூடப் பாடாதவர்.

பாடிக்கொண்டே திரும்பி, வந்த பாதையிலேயே மறுபடி பள்ளத்தாக்குப் பக்கம் இறங்க ஆரம்பித்தார். கை பின்னால் கட்டியிருந்தது. ரோட்டுப் பக்கம் ஒரு தரமாவது திரும்பினாரா? இல்லை. பஸ் போயிற்று, கூட்டம் போயிற்று, கட்டின பெண்டாட்டி போயிற்று. ஒருவரையும் தேடவில்லை. சனியன் விட்டது என்று நடக்கிறவன் நடை அது. பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் அது புரிந்தது. மைக் சும்மா இரைந்துகொண்டிருந்தது.

வக்கீலம்மா அவள் தோளிலிருந்து கையை மெல்ல எடுத்தார். "உங்களையாவது தேடுவார்னு நெனச்சேன்" என்றார், ரொம்ப மெதுவாக. அதற்குப் பதில் அவர் நாலு அறை அறைந்திருக்கலாம்.

டிரைவர்தான் யாரையும் கேட்காமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்து ஹாரன் அடித்தார். பாட்டு அறுந்தது. அவர் திரும்பினார். தோள் இரண்டும் தொங்கிப் போவது அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. மேலே ஏறி வந்து, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, மணியைக் கட்டிக்கொண்டு, இப்போதுதான் ஓடினார். மணி கணகணவென்று அடிக்க அடிக்க ஓடி வந்து ஏறினார்.

"சாரி, சாரி. எல்லாரும் மன்னிக்கணும்."

"சும்மா ஒரு விளையாட்டு சார்" என்றார் மேனேஜர், முகத்தைப் பார்க்காமல். "பயந்துட்டீங்களா?"

"ரொம்பப் பயந்துட்டேன். விட்டுட்டே போயிட்டீங்களோன்னு நெனச்சு ஒரு நிமிஷம் கை கால் ஓடலை." அவர்கள் கேட்க விரும்பினதை அச்சாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பாட்டுப் பாடச் சொல்லி யாரும் மைக்கை நீட்டவில்லை.

அதற்குப் பிறகு லேட்டம்மா என்று அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. அவள் வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது. அம்மா என்றார்கள், அக்கா என்றார்கள், சாப்பிட்டீங்களா என்றார்கள். துக்க வீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்கள். ஹோட்டல் கழிப்பறையில் அவள் உள்ளே இருப்பது தெரியாமல் நகைக்கடைக்காரர் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள்: "எப்படிப்பட்ட குரல்! அதைப் போட்டு இத்தனை காலம் அமுக்கி வெச்சிருந்தா பாரு. அந்தம்மாகிட்டேர்ந்து தப்பிச்சதுல அந்த மனுஷனுக்கு எத்தனை ஆனந்தம்!" அவள் கதவைத் திறந்து வெளியே வந்ததும் பேச்சு நின்றது. அது அவளுக்குப் புதிதா என்ன? குழாயடி இங்கேயும் வந்துவிட்டது. அங்கேயாவது அவர் செய்ததற்கு அவள் பட்டாள்.

அவர் அடுத்து வந்த இடங்களில் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. பனி மூடிய மலைக்கும் இறங்கவில்லை, கறுப்பு மணல் கடற்கரைக்கும் இறங்கவில்லை. "நீ பாத்துட்டு வாம்மா. நான் இறங்கினா எல்லாருக்கும் கஷ்டம்" என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மணி கழுத்திலேயே இருந்தது. கழற்றுங்கள் என்று சொல்ல எல்லோருக்கும் கூச்சம். அவருக்கு அது ஞாபகமே இல்லை போலிருந்தது.

அவளுக்கோ வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. ரோட்டை ஏன் பார்க்கவில்லை? அதிர்ச்சியாக இருந்திருக்கலாம். சில பேர் அதிர்ச்சியில் சிரிப்பார்கள், இவர் பாடியிருக்கலாம். அவள் உள்ளே இருந்ததால்தான் தேடவில்லை. அவள் பத்திரமாக இருக்கிறாள் என்று தெரியுமே. அப்படியானால் அவள் காணாமல் போனால் தேடுவாரா, மாட்டாரா? அதை மட்டும் தெரிந்துகொள்ளாமல் ஊர் திரும்ப முடியாது என்று தோன்றிவிட்டது.

கடைசி ஊர். ஆற்றங்கரையில் பழைய சந்தைச் சதுக்கம், நடுவில் கல் பாவிய தரை, ஓரமாக வரிசைத் தூண்கள் வைத்த நடைபாதை. எல்லோரும் பார்த்து முடித்துத் திரும்பினார்கள். அவள் போகவில்லை. தூண் ஒன்றின் பின்னால் மறைந்து நின்றுகொண்டாள். பஸ் நேர் எதிரே நின்றது. அந்த வயசில், பேரன் பேத்தி எடுத்தவள், கண்ணாமூச்சி விளையாடுகிற குழந்தை மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

மேனேஜர் இறங்கினார், சுற்றிப் பார்த்தார், உள்ளே போய் ஏதோ கேட்டார். அடுத்த நிமிஷம் படியில் அவர் தெரிந்தார். இறங்கினார்! எந்த இடத்துக்கும் இறங்காதவர், அவளுக்காக இறங்கிவிட்டார்.  அவர் சதுக்கத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஆற்றுப் பக்கம் பார்த்தார், கடைகளைப் பார்த்தார், தூண்களைப் பார்த்தார். பார்வை ஒவ்வொரு தூணாக வந்து அவள் தூணில் வந்து நின்றது. அவள் முந்தானையை இழுத்துக்கொண்டாள். கூப்பிடட்டும். ஒரு குரல் கூப்பிட்டால் போதும், ஓடிவிடலாம்.

அவர் கூப்பிடவில்லை. முகம் மலர்ந்தது. மேனேஜரின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். மேனேஜர் மறுத்துப் பேசினார். இவர் கையெடுத்துக் கும்பிட்டு மறுபடி சொன்னார். இரண்டு பேரும் ஏறினார்கள். கதவு மூடியது. பஸ் கிளம்பி, சதுக்கத்தின் மூலையில் திரும்பி, மறைந்தது.

அவள் தூணை விட்டு வெளியே வந்தாள். வளைவுக்குப் பின்னால்தான் நிறுத்தியிருப்பார்கள், அது தெரியாதா? அத்தனை ஜன்னலிலும் கண் இருக்கும். அழக் கூடாது. ஓடக் கூடாது. அவர் நின்ற மாதிரி நிற்க வேண்டும். தொப்பியைக் கழற்றினாள். கையைத் தூக்கப் பார்த்தாள், மார்பு வரைதான் வந்தது. சிரிக்கப் பார்த்தாள். புறாக்கள் நடந்துகொண்டிருந்தன. தெரியாத பாஷையில் யாரோ அவளைப் பார்த்து ஏதோ கேட்டுவிட்டுப் போனார்கள். நிறுத்தாமலே போயிருந்தால்? மறுகணம் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். செருப்பு ஒன்று கல்லில் மாட்டிக் கழன்றது, எடுக்கவில்லை. "என்னங்க! என்னங்க!" என்று தெருவெல்லாம் கேட்க அலறிக்கொண்டு, புடவை தடுக்க, மூக்கொழுக ஓடி மூலை திரும்பினாள்.

பஸ் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் நிறைய முகங்கள். செல்போன் மட்டும் இல்லை.

அவர் படியிறங்கி வந்து கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். கண்ணெல்லாம் ஆசையாக அவளையே பார்த்தார்.

"எப்படி இருந்துது?"

அவளுக்குப் புரியவில்லை.

"தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னியே, பாத்தேன். சரி, இவளுக்கும் இப்பத்தான் தனியா நிக்கணும்னு ஆசை வந்திருக்கு, கெடுக்கக் கூடாதுன்னு நான்தான் வண்டியை எடுக்கச் சொன்னேன். மேனேஜர் ஒத்துக்கவே இல்லை, கெஞ்சிக் கூத்தாடினேன். அன்னிக்கு மலையில எனக்குக் கிடைச்சுதே, அது உனக்கும் ஒரு தடவை கிடைக்கட்டும்னுதான்மா. எப்படி இருந்துது, சொல்லேன்."

அவள் அவர் முகத்தில் கேலியைத் தேடினாள். பழிவாங்குகிறாரா என்று தேடினாள். ஒரு துளி இருந்திருந்தால்கூடப் பிழைத்துப் போயிருப்பாள். அங்கே எதுவும் இல்லை. நல்லதைப் பகிர்ந்து கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற முகம்.

"அழுதிருக்கே! எனக்கும் அன்னிக்கு அழுகை வந்துது" என்றார் சந்தோஷமாக.

நகைக்கடைக்காரருக்குத்தான் முதலில் அடக்க முடியாமல் போனது. க்ளுக்கென்று ஒரு சத்தம். மலையிலிருந்து இறங்கினது முதல் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்த பஸ், அதைத் தொடர்ந்து மொத்தமாக வெடித்துச் சிரித்தது. வக்கீலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல் டாக்டர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். "வாங்க லேட்டம்மா, வாங்க! சட்டம்னா சட்டம். கடைசியா வந்தவங்க யாரு?"

அவர் தன் கழுத்திலிருந்து மணியைக் கழற்றினார். அவள் தலை வழியாக மாட்டி, தோல் வாரில் சிக்கின முடியை எடுத்துவிட்டார். பிறகு பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மணிக்குள் பதமாகத் திணித்தார்.

"இப்படி வெச்சா சத்தம் வராதும்மா" என்றார் அவள் காதருகே. "ஏறும்போது மட்டும் எடுத்துடணும்."

அவள் பின்சீட்டைப் பார்த்தாள். அங்கே யாரும் நகரவில்லை. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பஸ் விமான நிலையத்துக்குக் கிளம்பியது.